தின்னாச்சா

பழனி அடிவாரத்தில் காவடிச் சத்திரம் என்று ஒரு பழைய மண்டபம். அதன் மாடிப்படிக்குக் கீழே துடைப்பமும் மடித்த ஜமுக்காளங்களும் கிடக்கிற இடுக்கில் கோகிலவாணி உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப். பக்கத்தில் திறக்காத டிபன் டப்பா. பங்குனி வெயில் படியின் சந்து வழியாக ஒரு கோடாக வந்து அவள் பாதத்தைச் சுட்டது, அவளுக்கு அது உறைக்கவில்லை. திரையில் வெளிர்நீல வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. மண்டபத்தில் தங்குகிறவர்களுக்கு இலவச வைஃபை போட்டுக் கொடுத்த கம்பெனியில்தான் அவளுக்கு வேலை. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, விளக்கு வைப்பதற்குள் சுவரில் இருக்கிற பெட்டிகளைக் கழற்றிவிட வேண்டும், அதற்குத்தான் கூட வேலை பார்க்கிற சாதிக்கையும் அவளையும் அனுப்பியிருந்தார்கள். கழற்றுவதற்கு முன்னால் நெட் ஏன் மெதுவாக இருந்தது என்று பார்க்கணும், ஆபீசில் கேட்பார்கள் என்று சாதிக்கிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, காலையிலேயே வலை போட்டுவிட்டாள். வலை என்றால் மென்பொருள் வலை. கம்பியில் போகிற ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் ஒரு நகல் பிடித்துக் காட்டும். அதிலும் அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வகைதான். எந்தப் போனாக இருந்தாலும் எங்கே போவதென்றாலும் முதலில் பேரைச் சொல்லித்தான் விலாசம் கேட்கும். முக்கு கடையில் நின்று இன்னார் வீடு எது என்று நாம் கேட்கிற மாதிரி. அந்தக் கேள்விகள்தான் நீல நிறத்தில் வரும். ஐப்பசியில் வீட்டை விட்டுப் போன அவள் புருஷன் தாணுவின் போன் இந்த மண்டபத்தில் எங்காவது உயிரோடு இருந்தால், உலகத்தில் வேறு எந்தப் போனும் கேட்காத ஒரு பேரை அது கேட்கும். அந்தப் பேர் வரணும். இருட்டுவதற்குள் வரணும். வராவிட்டால், என்று நினைத்து அதற்கு மேல் நினைக்கப் பயந்து, அடுத்த வரியைப் பார்த்தாள், அதற்கடுத்த வரியைப் பார்த்தாள்.

கண்ணால் தேடிப் பார்க்காமலா இருந்தாள். தாணுவின் பெரியம்மா மகன் முருகதாஸ் நாகர்கோவில் பஸ் ஓட்டுகிறவர். போன வாரம் இந்தச் சத்திரத்து வாசலில் அவனைப் பார்த்ததாகப் போன் பண்ணினார். கையில் போனை வைத்துக் குனிஞ்சு பாத்துக்கிட்டே இருந்தான், லேய் தாணு என்று கூப்பிட்டேன், பின்னால் ஹாரன் அடிக்கிறான், வண்டியை ஒதுக்கி இறங்கி வருவதற்குள் ஆளைக் காணோம் என்றார். மொட்டை அடிச்சிருந்தான் என்றும் சொன்னார். அங்கேதான் வாணிக்கு வழி அடைபட்டது. பழனியில் போய் மொட்டைத் தலையைத் தேடுவதா. சந்தனம் பூசிய தலைகள் படியேறுகின்றன, சந்தனம் பூசிய தலைகள் குதிரை வண்டியில் போகின்றன, குழாயடியில் குளிக்கின்றன, பஞ்சாமிர்த டப்பாவை எண்ணிப் பையில் போடுகின்றன. போன் வந்த மறுநாளே பழனிக்கு ஓடி வந்தவள் ஒருவன் தோளைப் பிடித்து ஏனுங்க என்று திருப்பிவிட்டாள். திரும்பினது யாரோ ஒரு கரூர்க்காரர், பெண்டாட்டி பக்கத்திலேயே நிற்கிறாள், அந்தம்மா இவளை மேலும் கீழும் பார்த்தது இன்னும் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முகத்தை நம்பிப் பிரயோசனமில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். போனின் முகத்தையும் நம்ப முடியாது. இந்தக் காலத்துப் போன்கள் ஊருக்கு ஊர் தங்கள் அடையாள எண்ணை மாற்றிக்கொள்கின்றன. புதுப் போன் என்றால் கேட்கிற பேரைக்கூட மூடி மறைத்துத்தான் கேட்கும். அவனுடையது பழசு, வாய்விட்டுக் கேட்கும். ஆகக் கடைசியில் காதுதான் மிச்சம். காதை வைத்தால் யார் யாருடைய பேச்சோ விழுகிறது. ஒரு போன் காலையிலிருந்து பரீட்சை முடிவு போடுகிற இடத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறது, இன்னும் வரலையா, இன்னும் வரலையா என்று. ஒரு போன் கல்யாணத் தரகு, ஜாதகம், மறுபடி கல்யாணத் தரகு. ஒன்று புற்றுநோய் ஆஸ்பத்திரியின் பேரைக் கேட்டது, உடனே முருகன் பாட்டு போடுகிற இடத்தைக் கேட்டது, திரும்ப ஆஸ்பத்திரி. அது யார், மேலே வராந்தாவில் கைக்குழந்தையோடு படுத்திருக்கிறாளே அந்தப் பெண்ணா, இல்லை காவடியை இறக்கி வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிற அந்தப் பெரியவரா. அடுத்தவர் வீட்டுக் கதவில் காதை வைத்துக் கேட்கிற மாதிரி அவளுக்குக் கூசியது. மன்னிச்சுக்குங் சாமி, என் ஆளுக்காகத்தான் என்று உள்ளுக்குள்ளே சொல்லிக்கொண்டாள். மலையைப் பார்த்துச் சொன்னாளா, அந்தப் போன்காரர்களைப் பார்த்துச் சொன்னாளா, அவளுக்கே தெரியாது.

எல்லாம் ஒரு வார்த்தையில் வந்த வினை. தாணுவுக்கு ஊர் சுசீந்திரம் பக்கம். அங்கே சோறு தின்னாச்சா என்று கேட்பது, நாம் சாப்பிட்டீங்களா என்று கேட்பது போலத்தான். வாணி தாராபுரத்துக்காரி. அவள் ஊரில் மாடுதான் தின்னும், மனுசர் சாப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் பந்தியில் வைத்து அவள் அப்பாவைப் பார்த்து மாமா தின்னாச்சா என்று கேட்டுவிட்டான், அவர் எடுத்த கவளத்தை இலையிலேயே போட்டுவிட்டார். நானென்ன மாடுங்களா திங்கறதுக்கு என்று அவள் சண்டை பிடிப்பாள். எங்க ஊருல ராசாவும் தின்னத்தான் செய்வாரு மக்களே என்பான் அவன். அது வரைக்கும் சிரிப்பு. அப்புறம் தாணுவின் கூட்டாளி ரசலையன் விழுந்து செத்தான். செல்போன் டவரில் ஏறுகிற வேலை இரண்டு பேருக்கும், ஒரே ஊர், ஒரே கயிறு. அன்றைக்குக் காலையில் ரசலையன் வெறும் வயிற்றோடு ஏறியிருக்கிறான், மேலே போனதும் கிறுகிறுவென்று வந்திருக்கிறது. கொக்கியை மாற்றி மாட்டுகிற அந்த ஒரு நொடி. கீழே நின்றவன் தாணு. நான் அவன்கிட்ட கேக்கல, தின்னியாலேன்னு கேக்கல என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான், வாரக்கணக்கில். டவர் வேலையை விட்டான். வீட்டில் உட்கார்ந்து தனக்குத் தெரிந்த மட்டில் ஒரு ஆப் செய்தான். அவன் போனில் ஒன்று, அவள் போனில் ஒன்று. அமுக்கினால் அவள் போன் மணியடித்து, தின்னாச்சா என்று கேட்கும். கீழே இரண்டு பொத்தான், தின்னாச்சு, இல்ல. பொய்யா அமுக்கப்படாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். பேச்சு போய்ச் சேர்வதற்கு நடுவில் ஒரு இடம் வேண்டுமே, சாமி அலமாரிக்குக் கீழே ஒரு பழைய கம்ப்யூட்டரை ஓடவிட்டு, அதற்குத் தின்னாச்சா என்றே ஒரு பேரையும் பதிந்து வைத்தான். காலையில் கேட்டது. மத்தியானம் கேட்டது. அப்புறம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்க ஆரம்பித்தது. ஆபீசில் மீட்டிங் நடக்கிறது, பெரியவர் பேசுகிறார், இவள் போன் தின்னாச்சா என்கிறது. உங்க வீட்டுல புண்ணாக்கா வெக்கறாங்க என்று ஒருத்தன் கேட்டான், அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அவன் முகத்துக்கு நேராகப் போனை நீட்டி, முகப்பில் இருந்த அந்த ஆப்பின் படத்தை அமுக்கி இழுத்துத் தள்ளிவிட்டாள். பாத்துக்குங்க, அழிச்சுட்டேன், இனி நான் தின்னாலும் உங்களுக்குத் தெரிய வேண்டாம், செத்தாலும் தெரிய வேண்டாம் என்றாள். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன. மறுநாள் காலையில் பால் வாங்கப் போகிற பையை எடுத்துக்கொண்டு போனவன்தான். பையையாவது யாராவது கொண்டு வந்து கொடுத்தார்களா, இல்லை.

போலீசில் சொன்னாள். சிம் அணைந்து கிடக்கிறது என்றார்கள். தை பிறந்த பிறகு ஒரு நாள் திடீரென்று தோன்றி, அலமாரிக்குக் கீழே இருக்கிற கம்ப்யூட்டருக்கு வருகிற கம்பியில் வலையைப் போட்டுப் பார்த்தாள். சிம் இல்லாவிட்டால் என்ன, எங்கேயாவது வைஃபை கிடைத்தால் அவன் போன் தானாக வந்து அந்தக் கதவைத் தட்டுமே. ராத்திரி பகலாகப் பார்த்தாள். ஒரு தட்டுகூட இல்லை. அந்த மௌனத்துக்கு அவள் தன் பாட்டுக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டாள். ஒன்று, நான் அழித்த மாதிரியே அவனும் அழித்துவிட்டான். இல்லாவிட்டால். அந்த இல்லாவிட்டாலோடுதான் அவள் படுத்து எழுந்தாள். முருகதாஸ் போன் பண்ணியிராவிட்டால் இன்றைக்கும் அதோடுதான் எழுந்திருப்பாள். இன்றைக்குக் காலையிலிருந்து இங்கே வடிகட்டிப் பார்க்கிறாள். வடிகட்டியில் பேரை இங்கிலீஷ் எழுத்தில்தான் கொடுக்க வேண்டும், அங்கேதான் மாட்டிக்கொண்டாள். போனில் அந்தப் படத்துக்குக் கீழே தமிழில் எழுதியிருந்ததைத்தான் இவள் பார்த்திருக்கிறாளே தவிர, அவன் இங்கிலீஷில் எப்படி எழுதிப் பதிந்தான் என்று கேட்டதில்லை. நம் பேச்சை அந்த எழுத்தில் ஆளுக்கொரு விதமாகத்தானே எழுதுகிறோம். முதல் எழுத்துக்கு வெறும் டி போட்டுப் பார்த்தாள், ஒன்றுமில்லை. டியும் ஹெச்சும் போட்டு ஒரே ஒரு என் போட்டுப் பார்த்தாள், ஒன்றுமில்லை. வெளியே கால் சத்தம் கேட்டது. சாதிக் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தான். அவளைவிட வயதில் கொஞ்சம்தான் சின்னவன், ஆனாலும் அக்கா. “வாணியக்கா, பொட்டிக்கும் மொட்டை அடிச்சுரலாமா” என்றான். இன்னும் கொஞ்சம் சாதிக் என்றாள். சத்திரத்து மேனேஜர் ரெண்டு தரம் வந்து பார்த்துட்டுப் போயிட்டார், இன்னொரு கம்பெனிக்காரன் வந்து வாசல்ல நிக்கிறான் என்றான். இன்னும் கொஞ்சம். அவள் குரல் அவளுக்கே யாருடைய குரலோ மாதிரி இருந்தது. எந்தக் கையால் எழுதினாலும், எப்படி எழுதினாலும், நடுவில் அந்த அழுத்தம் வந்துதானே ஆகணும். ஐ, என், என். அதை மட்டும் போட்டாள்.

போட்டதும் திரை நிறைய வந்து கொட்டியது. பார்த்தால் எல்லாம் லாட்ஜ். அடிவாரத்து லாட்ஜ்காரர்கள் அத்தனை பேரும் தங்கள் பேருக்குப் பின்னால் இன் என்று போட்டுக்கொண்டிருக்கிறார்கள், ரூம் தேடுகிற போன்கள் எல்லாம் அதைக் கேட்கின்றன. இந்த இன், அந்த இன், நடுவில் டின்னர் என்று ஒரு ஓட்டல், வின்னர் என்று ஒரு விளையாட்டு. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள், இது இல்லை, இது இல்லை. விரல் நின்றுவிட்டது. டி ஹெச் ஐ என் என் ஏ சி ஹெச் ஏ. தின்னாச்சா. கண்ணை மூடித் திறந்தாள், இருக்கிறது. மேலே போனாள், அங்கேயும் இருக்கிறது, அதற்கு மேலேயும், மத்தியானம், முற்பகல், அவள் வலை போட்ட காலையிலிருந்து ஒரே போன், விட்டு விட்டு, விட்டு விட்டு, தின்னாச்சா, தின்னாச்சா. இங்கேயேதான் இருக்கிறான். காலையிலிருந்து என் தலைக்கு மேலேயே, இந்த மாடியிலேயே படுத்துக்கொண்டு என்னைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான், நான் எழுத்துத் தெரியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறேன். எழுந்து ஓடத்தான் பார்த்தாள், கால் மரத்துக் கிடந்தது. ஓடி எந்த மொட்டையைத் திருப்பிப் பார்ப்பாய், இரு, எந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறான் என்று முதலில் பார், மேலேயா வராந்தாவா. அவசரத்தில் இரண்டு தரம் தப்பாக அமுக்கி மூன்றாவதாகப் பார்த்தாள். படிக்குக் கீழே இருக்கிற பெட்டி என்றது. அவள் தலைக்கு மேலே சுவரில் இருக்கிற பெட்டி. அந்த இடுக்கில் துடைப்பம் இருந்தது, ஜமுக்காளம் இருந்தது, அவள் இருந்தாள். அவள் கைப்பை இருந்தது. அதற்கப்புறமும் உடனே புரியவில்லை பாருங்கள், மனசு அப்படித்தான், வேண்டாததை வாசலிலேயே நிறுத்தி வைக்கும். மெல்லக் கைப்பையைத் திறந்து தன் பழைய போனை எடுத்து அதன் அடையாள எண்ணைப் பார்த்தாள். திரையில் இருந்த அதே எண். முகப்பிலிருந்து படத்தைத்தான் எடுத்திருக்கிறாள், ஆப்பை அழிக்கவேயில்லை. மணியை மீட்டிங்கிலேயே அடைத்துவிட்டதால் சத்தம் மட்டும் வரவில்லை. இத்தனை மாதமும் அது உள்ளே உட்கார்ந்து, போகிற ஊரில் எல்லாம் அவன் கதவைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவள் கூப்பிடவில்லை, அவள் போன் கூப்பிட்டிருக்கிறது. போனை மடியில் போட்டுவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மேலே யாரோ குழந்தைக்குத் தாலாட்டுகிற சத்தம். இவ்வளவுதானா. தேடிப் போய்க் கண்டுபிடித்தது தன்னைத்தானா. இதற்கு வீட்டிலேயே கிடந்திருக்கலாம்.

அழுதுகொண்டே அந்த வரிகளைப் பார்த்தபடி இருந்தாள், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. பார்க்கப் பார்க்கத்தான் கேள்விக்குப் பக்கத்து வரி கண்ணில் பட்டது. கேள்வி என்று ஒன்று போனால் பதில் என்று ஒன்று வரும் அல்லவா. விலாசம் இருந்தால் விலாசம் வரும். இதற்கு வந்திருந்தது, அப்படி ஒரு பேரே இல்லை என்கிற பதில். ஒவ்வொரு தரமும் அதே பதில், அப்படி ஒரு பேரே இல்லை. முதலில் அது தன்னைச் சொல்கிற மாதிரி பட்டது. அப்புறம்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பேர் எப்படி இல்லாமல் போகும், கம்ப்யூட்டர் அலமாரிக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கிறதே. பேரை வருஷா வருஷம் புதுப்பிக்கணும். அவன் மெயிலுக்கு நினைவூட்டல் போயிருக்கும், அவன் எங்கே பார்த்தான். கெடு முடிந்து பேர் காற்றில் போயிருக்கிறது. எப்போது போயிருக்கும். பேர் பதிகிற இடத்தில் போய்த் தேடிப் பார்த்தாள், மார்கழியில். மார்கழியில் பேர் போயிருக்கிறது, அவள் தையில் வலை போட்டிருக்கிறாள். வாசலில் பெயர்ப்பலகை விழுந்துபோனது தெரியாமல், ஏன் யாரும் வீட்டுக்கு வரவில்லை என்று கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறாள். அந்த மௌனம் அவனுடையது என்று யார் சொன்னது. அவன் தட்டிக்கொண்டே இருந்திருக்கலாம், இன்றைக்கு வரைக்கும் தட்டிக்கொண்டிருக்கலாம். முக்கு கடையில் நின்று கேட்கிறவனுக்கு அப்படி ஒரு வீடே இல்லையென்று சொல்லிச் சொல்லி அனுப்பியிருக்கிறது. அவன் இருக்கிறானா என்பதற்கு இது சாட்சி இல்லைதான். இல்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் இதோ செத்துப்போனது. அப்போது இன்னொன்றும் ஞாபகம் வந்து அவளைக் குத்தியது. பதில் கிடைக்காவிட்டால் அவன் போனில் என்ன காட்ட வேண்டும் என்று அவன்தான் எழுதி வைத்திருந்தான், பெருமையாகக் காட்டவும் காட்டினான். இன்னும் தின்னல என்று காட்டும். மார்கழி, தை, மாசி, பங்குனி. முருகதாஸ் சொன்னாரே, போனைக் குனிஞ்சு பாத்துக்கிட்டே இருந்தான் என்று.

அந்த இடுக்கிலேயே, சத்திரத்து வைஃபையிலேயே, அந்தப் பேரை அவள் பதிந்தாள். அவன் எழுதின அதே எழுத்து, இரண்டு என், ஒன்றும் விடாமல். யார் பேரில் என்று கேட்டதற்குத் தன் பேரைப் போட்டாள். எந்த விலாசத்துக்கு என்று கேட்டதற்கு வீட்டு விலாசத்தைக் கொடுத்தாள். ஆயிற்று என்றது. திரையைப் பார்த்தால், அப்படி ஒரு பேரே இல்லை. இது ஒரு குணம் அதற்கு. ஒரு தரம் இல்லை என்று கேள்விப்பட்டால் கொஞ்ச நேரத்துக்கு அதையே ஞாபகத்தில் வைத்துக்கொண்டு எவர் கேட்டாலும் இல்லை இல்லை என்று சொல்லும், மறுபடி போய் விசாரிக்காது. மனுசரும் அப்படித்தானே. தலைக்கு மேலே ஏணி சாத்துகிற சத்தம். சாதிக் முதல் படியில் கால் வைத்துவிட்டான். அவன் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள், உதடு வறண்டு வெளுத்திருந்தது. “சாதிக், தின்னியா?” என்றாள். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன வார்த்தை சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. அவன் சிரித்துவிட்டான். “நோன்புக்கா. உங்க ஊர்ல மனுசங்களையும் தின்னியான்னுதான் கேப்பாங்களா?” வாணி எழுந்து ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இறங்கு என்றாள். நாலு படிதானேக்கா என்றான். வெறும் வயித்தோட நீ ஏறக்கூடாது, நோன்பு திறந்து தின்னுட்டு அப்புறம் ஏறு, மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கறேன் என்றாள். அவள் ஏணியைப் பிடித்திருந்த பிடியையும் கண்ணையும் பார்த்து, அவன் கேலியை விட்டுவிட்டு இறங்கினான். அக்கா, என்னாச்சு என்றான். அவள் ஏணிக்காலை விடாமலே, டவரில் ஒருத்தன் விழுந்தான் சாதிக், எங்க வீட்டுக்காரர் கீழே நின்னுக்கிட்டு இருந்தார் என்றாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

உட்கார்ந்தபோது திரையில் ஒரு வரி மாறியிருந்தது. கேள்வி, தின்னாச்சா. பதில், அவள் வீட்டு விலாசம். தாராபுரத்தில் சாமி அலமாரிக்குக் கீழே அந்தப் பழைய பெட்டி சிணுங்குகிற சத்தம் அவளுக்கு இங்கே கேட்டது. போனில் எங்கேயோ அடுக்குக்குள் கிடந்த அந்தப் படத்தைத் தேடித் திறந்தாள். வட்டம் சுற்றியது, சுற்றியது. வந்தது. தின்னாச்சா? கீழே இரண்டு பொத்தான். எப்போது கேட்டது இது. ஐப்பசியில் பால் பையோடு போன அன்றைக்கா, கார்த்திகையிலா, பேர் திரும்பக் கிடைத்த இந்த நொடியில் மேலே ஏதாவது வராந்தாவிலிருந்தா, வேறு எந்த ஊரிலிருந்தாவதா. நேரம் போடுகிற பழக்கமே அவனுக்கு இல்லை, கேள்வியை மட்டும்தான் எழுதி வைத்திருக்கிறான். பழசு என்றால் பழசு. அவன் போனும் எங்காவது தட்டினால் இனிமேல் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அது போதும், அது போதுமா, அது போதும். கட்டைவிரல் தின்னாச்சு என்கிற பொத்தானுக்கு மேலே போய் நின்றது. பொய்யா அமுக்கப்படாது. விரலை எடுத்தாள். டிபன் டப்பாவைத் திறந்தாள், தயிர்ச்சோறு வெயிலுக்குப் புளித்துப் போயிருந்தது. சாதிக்கைப் பார்த்துக் கூச்சமாகக் கையை நிறுத்தினாள், நீங்க சாப்பிடுங்கக்கா, எனக்கென்ன என்று அவன் ஏணியைச் சாய்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். டப்பாவின் அடி தெரிகிற வரைக்கும் தின்றாள். கையைக் கழுவக்கூட எழுந்திருக்கவில்லை, இடது கையால் போனை எடுத்து, படிச்சந்து வழியாக விழுந்த கடைசி வெயிலில் பிடித்து, தின்னாச்சுங்க என்று வாய்விட்டே சொல்லி அமுக்கினாள்.